மார்பிள்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆயிற்று

மாடுலர் சிந்தசைசர் பெட்டியில் பொருத்தும் மார்பிள்ஸ் என்ற இந்த மாடுலைச் சீக்வென்சர், அதாவது சுரங்களை வரிசையாக வாசிக்க வைக்கும் கருவி, என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். வரட்டும். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமே மார்பிள்ஸுக்கு ரேண்டம் சாம்ப்ளர் என்றுதான் பெயர் வைத்தது. வரிசையாக எட்டுக் குமிழ், எட்டு விளக்கு என்று ஒரு சீக்வென்சருக்கு இருக்க வேண்டிய எதுவும் இதில் கிடையாது, எந்தச் சுரம் எப்போது வரவேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்க முடியாது. ஆனால் என் பெட்டியில் மெட்டும் தாளமும் பிறப்பது இதிலிருந்துதான். எனக்கு இது சீக்வென்சர்.

புதிதாக வாங்கவில்லை. இது 2018-இல் வந்த மாடுல், மியூட்டபிளை நடத்திய எமிலி ஜிலே 2022 கடைசியில் நிறுவனத்தையே மூடிவிட்டார், ஆகையால் அசல் வேண்டுமென்றால் இரண்டாம் கைதான். அவர் தம் மாடுல்களின் நிரலைத் திறந்தே வைத்துவிட்டுப் போனதால் அதே உள்ளத்தோடு சின்ன உடம்பில் மற்றவர்கள் செய்து விற்பதும் உண்டு, எனக்கு விரல் தடிமன், சின்னக் குமிழெல்லாம் ஒத்துவராது. சிங்கப்பூரின் பொங்கோல் எம்ஆர்டி ரயில் நிலையத்தில், கதவுக்கு வெளியே நின்று, 460 வெள்ளி கொடுத்து வாங்கினேன். விற்றவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெட்டி இருந்த மேசை இப்போது தொட்டிலுக்குப் போய்விட்டதாம். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: நடுவில் இருக்கிற பெரிய குமிழை ஒருபோதும் கோடிக்குத் திருப்பாதே. அப்போது புரியவில்லை. முதல் நாளே கோடிக்குத் திருப்பினேன், அது வேறு விஷயம்.

மாடுலர் பக்கம் வராதவர்களுக்குச் சுருக்கமாக: இந்த உலகத்தில் எல்லாமே வோல்ட்டேஜ். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், அரைச்சுரத்துக்கு ஏறக்குறைய 0.083 வோல்ட். இப்போதுதான் ஒரு சுரம் ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஒரு துடிப்பு, அதற்குக் கேட் என்று பெயர். காலப்பிரமாணத்தைச் சொல்ல இன்னொரு துடிப்பு, அது கிளாக். இவற்றை 3.5 மில்லிமீட்டர் கேபிளில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குக் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான். யூரோராக் என்ற இந்த அளவுமுறையைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மனிக்காரர் டீட்டர் டோப்ஃபர், 1990களின் நடுவில். மார்பிள்ஸ் அந்த அளவில் 18 எச்பி, அதாவது ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். சின்னதில்லை. 84 எச்பி பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே தின்றுவிடுகிறது.

அந்தப் பெரிய குமிழின் பெயர் தேஜா வூ. இடக்கோடியில் வைத்தால் பெட்டிக்கு நினைவே கிடையாது, ஒவ்வொரு துடிப்புக்கும் புது எண், புது சுரம். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பத் திருப்ப, முன்பு வந்ததை எடுத்து மறுபடி சொல்லும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். 12 மணி நிலைக்கு வந்ததும் பூட்டிக்கொள்ளும், கடைசியாக வந்த சில சுரங்களே சுற்றிச் சுற்றி வரும். எத்தனை சுரம் என்பதற்கு லெங்த் என்று இன்னொரு குமிழ், 1 முதல் 16 வரை. தேஜா வூவை 12 மணிக்கு மேல் திருப்பினால் புதிதாக எதுவும் வராது, ஆனால் கையில் இருக்கும் அதே சுரங்களை வரிசை மாற்றித் தாவித் தாவி வாசிக்கும். இந்த நினைவைத் தாளப் பக்கத்துக்கு மட்டும் கொடுக்கலாம், மெட்டுப் பக்கத்துக்கு மட்டும் கொடுக்கலாம், இரண்டுக்கும் கொடுக்கலாம், ஆளுக்கொரு பொத்தான்.

முதல் வாரம் முழுக்க இடக்கோடியில் வைத்து வாசித்தேன். பத்து நிமிடம் பிரமிப்பாக இருக்கும், பதினொன்றாவது நிமிடம் சலித்துவிடும். எப்போதும் புதிதாகவே வந்துகொண்டிருப்பது எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும் என்று இந்தப் பெட்டிதான் எனக்குக் காட்டியது. அப்புறம் பயந்துபோய் 12-இல் பூட்டிவிட்டு ஒரு வாரம். அது வேறு வகைச் சலிப்பு, கைபேசி அழைப்பொலி மாதிரி. மூன்றாவது வாரம்தான் பொங்கோல்காரர் சொன்னது உறைத்தது. குமிழைப் பதினோரு மணிக்குப் பக்கத்தில், 12-ஐத் தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டும். எட்டுச் சுரம் ஓடிக்கொண்டிருக்கும், நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை அதில் ஒரு சுரம் மட்டும் மாறும், மாறியது அப்படியே தங்கிவிடும், இன்னும் சில சுற்று கழித்து இன்னொன்று மாறும். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஆரம்பித்த மெட்டு இருக்காது, ஆனால் அது எந்த இடத்தில் போனது என்று சொல்லவும் முடியாது. நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஒரே வரியை எடுத்துக்கொண்டு, வரி கலையாமல், சுற்றுக்குச் சுற்று அங்கங்கே சங்கதி மாற்றுகிற அந்த வேலை. பெட்டிக்கு அறிவு இருக்கிறது என்று சொல்லவில்லை. நினைவும் மறதியும் எந்த விகிதத்தில் என்பதை ஒரே குமிழில் என் கையில் கொடுத்திருக்கிறார்கள், காசு அதற்குத்தான்.

டூரிங் மெஷின் வைத்திருப்பவர்கள் இங்கே இடறுவார்கள். டாம் விட்வெல் செய்த அந்த மாடுலும் இதே எண்ணத்தில் வந்ததுதான், வந்த எண்களை வரிசையாக நகர்த்தி நினைவில் வைக்கும் 16 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஒன்று, ஒரு பெரிய குமிழ். ஆனால் அதில் 12 மணி நிலைதான் முழு ரேண்டம், ஐந்து மணிப் பக்கம் திருப்பினால் பூட்டும், ஏழு மணிப் பக்கம் திருப்பினால் இரண்டு மடங்கு நீளத்தில் பூட்டும். மார்பிள்ஸிலோ 12 மணிதான் பூட்டு. நண்பர் வீட்டில் அதை வாசித்துவிட்டு இங்கே வந்து குமிழை நடுவில் வைத்தால் கை ஒன்று நினைக்கும், பெட்டி வேறொன்று செய்யும். பாகங்களாக வாங்கி நீங்களே சூடு வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்பது அதன் பலம், வரும் வோல்ட்டேஜைச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்த தனியாக ஒரு குவான்டைசர் வாங்க வேண்டும் என்பது பலவீனம். மார்பிள்ஸில் குவான்டைசர் உள்ளேயே இருக்கிறது.

அந்த உள்ளே இருப்பதுதான் என்னை இதன் மேல் பைத்தியமாக்கியது. ஆறு ஸ்கேல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேஜர், மைனர், பென்டடானிக், இந்தோனேசிய கமலானிலிருந்து பெலோக், அப்புறம் இரண்டு இந்துஸ்தானி: பைரவ் தாட், ஸ்ரீ. பைரவ் தாட் என்றால் நம் கணக்கில் மாயாமாளவகௌளை! சரளி வரிசையில் சட்ஜமத்தைப் பிடித்துத் தொங்கிய எவருக்கும் ரத்தத்தில் ஊறிய ராகம். அதைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்ட ராத்திரி, அம்மா அறைக்கு வெளியே வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"என்னடா இது, சரளி வரிசை மாதிரி இருக்கு, ஆனா படிக்கிற புள்ளைக்குக் காய்ச்சல் போலிருக்கே."

இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் எழுத முடியாது. பெட்டிக்கு ஏழு சுரம் தெரியும், எதற்குப் பின் எது வரலாம் என்று தெரியாது. ஆரோகணம், அவரோகணம் என்ற எண்ணமே இதற்குள் கிடையாது, சுரங்களின் ஒரு கூடை மட்டும்தான். அதனால் வக்ர ராகம் எதையும் இதில் எதிர்பார்க்காதீர்கள், கமகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இன்னொன்று, ஸ்ரீ என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் ஸ்ரீராகம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடையது கரகரப்பிரியாவில் பிறந்தது, அவர்களுடையது பூர்வி தாட், காதில் விழுந்தால் காமவர்த்தினி வாடைதான் அடிக்கும். நான் அரை மணி நேரம் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிடிக்காவிட்டால் நீங்களே ஸ்கேலைச் சொல்லிக்கொடுக்கலாம், இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்று தெரியவில்லை. கீபோர்டின் சுருதி வோல்ட்டேஜை ஸ்ப்ரெட் துளையிலும், கேட்டை எக்ஸ் கிளாக் துளையிலும் செருகிவிட்டு, பாடம் எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் வாசிக்க வேண்டும். நான் அர்ட்டூரியா கீஸ்டெப்பில் மோகனம் வாசித்தேன். சட்ஜமம் 0 வோல்ட், ரிஷபம் 0.167, காந்தாரம் 0.333, பஞ்சமம் 0.583, தைவதம் 0.75. பெட்டி சுரங்களை மட்டும் குறித்துக்கொள்வதில்லை, எதை எத்தனை முறை வாசித்தீர்கள் என்றும் கணக்கு வைக்கிறது. அடிக்கடி வாசித்த சுரத்துக்கு எடை கூடுதல். ஸ்டெப்ஸ் என்ற குமிழை 12-க்கு மேல் வலப்பக்கம் திருப்பத் திருப்ப எடை குறைந்த சுரங்கள் ஒவ்வொன்றாக உதிரும், எடை கூடியவை கடைசிவரை நிற்கும். ஜீவசுரம் என்று நாம் சொல்வதைப் பாரிஸ் பக்கத்தில் யாரோ கணக்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள்! முதல் முறை உற்சாகத்தில் காந்தாரத்தை இழைத்து இழைத்து வாசித்துவிட்டேன், சட்ஜமத்தை இரண்டு மூன்று தடவைதான் தொட்டேன். குமிழை வலக்கோடிக்குக் கொண்டுபோனபோது கடைசியில் மிஞ்சியது காந்தாரம் மட்டும். ஆதாரம் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது, தம்புரா அறுந்த கச்சேரி மாதிரி. மறுபடி பாடம் எடுத்தேன், இந்த முறை வரிக்கு வரி சட்ஜமத்தில் வந்து உட்கார்ந்து. கீஸ்டெப் 12 சமபங்கில்தான் வோல்ட்டேஜ் அனுப்பும், ஆனால் மார்பிள்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, இடையில் இருக்கும் சுருதியைக் கொடுத்தால் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

ஸ்டெப்ஸ் குமிழை இடப்பக்கம் திருப்பினால் சுரங்கள் படிக்கட்டு மாதிரி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆஹா, கமகம் என்று குதித்தேன். இல்லை. அது குறிக்கோள் இல்லாத வழுக்கல், ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரைத் திறந்து மூட நன்றாக இருக்கும், சுருதிக்குக் கொடுத்தால் தலை சுற்றும்.

இனி வோல்ட்டேஜ். மெட்டுப் பக்கத்துக்கு எக்ஸ் என்று பெயர், அதில் மூன்று வெளியீடு, கூடவே ஒய் என்று மெதுவாக மாறும் நாலாவது ஒன்று. வோல்ட்டேஜ் வீச்சை மூன்று விதமாக வைக்கலாம்: 0 முதல் 2 வோல்ட், 0 முதல் 5, இல்லையென்றால் மைனஸ் 5 முதல் பிளஸ் 5. மெட்டுக்கு முதலாவதுதான், இரண்டு ஸ்தாயிக்குள் நிற்கும், பாடுகிற தொண்டை மாதிரி. வாங்கி வந்த ராத்திரி கடைசி வீச்சில் இருந்ததைக் கவனிக்காமல் நேராக ஒலி எழுப்பும் ஆசிலேட்டருக்குக் கொடுத்தேன். பத்து ஸ்தாயி! ஒரு சுரம் வௌவாலுக்கு, அடுத்த சுரம் யானைக்கு. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தேன். வீவக அடுக்குமாடி வீடு என்பதால் ராத்திரி எல்லாமே ஹெட்ஃபோனில்தான், ஸ்பீக்கரில் போயிருந்தால் மேல்வீடு கீழ்வீடு இரண்டும் கதவைத் தட்டியிருக்கும்.

ஸ்ப்ரெட், பயஸ் என்று இரண்டு குமிழ்கள் எண்கள் எப்படிப் பரவ வேண்டும் என்று சொல்கின்றன. ஸ்ப்ரெட் இடக்கோடியில் ஒரே எண்தான் வரும், திரும்பத் திரும்ப. நடுவில் வைத்தால் மணி வடிவம், பெரும்பாலும் நடு ஸ்தாயி, எப்போதாவது மேலே கீழே. இன்னும் திருப்பினால் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. வலக்கோடியில் இரண்டு முனைகள் மட்டும், நடுவில் எதுவும் கிடையாது. பயஸ் இதை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்க்கும். கல்லூரியில் புள்ளியியல் படித்தபோது நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் என்றால் தூக்கம்தான் வந்தது, இப்போது அதே வளைவைக் கையால் அமுக்கிக் காதால் கேட்கிறேன். இங்கே ஒரு குறை சொல்ல வேண்டும். தேஜா வூ, ஸ்ப்ரெட், பயஸ், ஸ்டெப்ஸ், ரேட், ஜிட்டர் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வோல்ட்டேஜ் கொடுத்து ஆட்டலாம், அருமை, ஆனால் அந்தத் துளைகள் எதற்கும் வோல்ட்டேஜைக் குறைத்து அனுப்பும் அட்டெனுவேட்டர் இல்லை. வருகிற வோல்ட்டேஜ் முழுசாக உள்ளே போகும். மெதுவாக ஏறி இறங்கும் வோல்ட்டேஜைத் தரும் எல்எஃப்ஓ ஒன்றை தேஜா வூவுக்குக் கொடுத்து, எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி கொஞ்சம் மறந்து கொஞ்சம் நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அது மொத்தமாக மறந்தது, மொத்தமாகப் பூட்டியது, 12-ஐத் தாண்டி உருட்டிக் கலைத்தது, மறுபடி மொத்தமாக மறந்தது. நடுவில் அடக்கி அனுப்ப இன்னொரு மாடுல் வேண்டியிருந்தது. லெங்த் குமிழுக்கு வோல்ட்டேஜ் துளையே கிடையாது, அது எனக்கு இன்னும் வருத்தம். சுற்றுக்கு ஏற்ப 8-ஐ 7 ஆக்கி, 7-ஐ 5 ஆக்கிக் குறைப்பு மாதிரி ஏதாவது செய்திருக்கலாம். இப்போது கையால்தான் திருப்ப வேண்டும், கை தவறினால் 6-இல் நிற்கும்.

தாளப் பக்கத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் ஐந்து வருடம் மிருதங்கம் படித்தவன், அரங்கேற்றம் வரை போகவில்லை, அந்த அரைகுறை கணக்கை வைத்துக்கொண்டுதான் இந்தப் பக்கத்தை எடை போடுகிறேன்.

டி பக்கத்தில் மூன்று கேட் வெளியீடு. டி2 தலைமைக் கிளாக். டி1, டி3 இரண்டும் அதிலிருந்து பிறக்கின்றன, எப்படிப் பிறக்க வேண்டும் என்பதற்கு மூன்று வழி. முதல் வழியில் ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்டி ஒரு காசைச் சுண்டுகிறது, தலை விழுந்தால் டி1, பூ விழுந்தால் டி3. நான் டி1-ஐ ஒரு தாழ்ந்த ஒலிக்கும் டி3-ஐ ஒரு கூர்மையான ஒலிக்கும் கொடுத்துவிட்டேன், மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஆயிற்று. காசு எந்தப் பக்கம் அதிகம் விழ வேண்டும் என்பதைத் தாளப் பக்கத்துக்கென்று இருக்கும் பயஸ் தீர்மானிக்கும். இரண்டாவது வழியில் டி2-ஐ ஏதாவது ஒரு விகிதத்தில் வகுத்தோ பெருக்கியோ இரண்டும் பிறக்கும். மூன்றாவது டிரம் வாசிப்பவர் கிக்கும் ஸ்னேரும் மாற்றி மாற்றிப் போடுவது போன்ற அமைப்பு. எனக்கு முதலாவதும் தேஜா வூவும் சேர்ந்தால் போதும். ஜிட்டர் என்ற குமிழ் காலப்பிரமாணத்தைக் குலைப்பதற்கு. கால் பங்கு திருப்பினால் முகூர்த்தத்துக்கு அதிகாலை நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டிவந்த தவில்காரர், பாதிக்கு மேல் போனால் அவர் இன்னும் எழவே இல்லை.

கிளாக்கை உள்ளேயே வைத்துக்கொண்டால் ரேட் குமிழ் நடுவில் 120 பிபிஎம், அதை நான்கால் வகுக்கவும் பெருக்கவும் ஒரு பொத்தான். வெளியிலிருந்து கிளாக் கொடுத்துவிட்டால் அதே ரேட் குமிழ் வகுத்தல் பெருக்கல் குமிழாக மாறிவிடுகிறது. நடை மாற்றுவதற்கு இதைவிட எளிமையான வழி கிடையாது, சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு ஒரு விரல் திருகல்தான். ஆனால் எந்த விகிதத்தில் நிற்கிறோம் என்று சொல்ல ஒரு திரை இல்லை. காதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் அது சுகம், நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது வாரத்தில் நான் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது, கையேட்டை ஒழுங்காகப் படித்திருந்தால் பிழைத்திருப்பேன். மிஸ்ர சாபுவுக்காக லெங்த் 7 வைத்து, தேஜா வூவை 12-இல் பூட்டி, எக்ஸ்1-இலிருந்து மெட்டை எடுத்தேன். தகிட தகதிமி என்று விரலை எண்ணிக்கொண்டே கேட்கிறேன், ஏழில் முடியவே இல்லை. சில சமயம் பன்னிரண்டில் முடிகிறது, சில சமயம் பதினைந்து. காரணம் இதுதான்: கிளாக் எதுவும் செருகாவிட்டால் எக்ஸ்1 டி1-ஐக் கேட்டு நகரும், எக்ஸ்2 டி2-ஐக் கேட்டு, எக்ஸ்3 டி3-ஐக் கேட்டு. காசு தலை விழும்போதுதான் எக்ஸ்1 ஒரு அடி வைக்கிறது, ஆகையால் அதன் ஏழு அடி தாளத்தின் ஏழு எண்ணிக்கை இல்லை. ஒழுங்கான ஏழு வேண்டுமென்றால் எக்ஸ்2-ஐ எடுங்கள், இல்லையென்றால் எக்ஸ் கிளாக் துளையில் நீங்களே ஒரு கிளாக்கைக் கொடுங்கள், மூன்றும் அதையே கேட்கும். தெரிந்துகொண்ட பிறகு இந்தக் குழப்பத்தையே வேண்டுமென்று பயன்படுத்துகிறேன். ஆதி தாளத்தை டிரம்மில் 8 எண்ணிக்கையாக ஓடவிட்டு, எக்ஸ்2-இல் 7 சுரம். இரண்டும் சமத்தில் சந்திக்க 56 எண்ணிக்கை, அதாவது ஏழு ஆவர்த்தனம். 5 வைத்தால் 40-இல் சந்திக்கும், ஐந்து ஆவர்த்தனம். கோர்வைக் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது சோற்றுக்குள் இருக்கும் முந்திரி.

ஆனால் சமத்தில் சந்திக்கும் என்று எழுதிவிட்டேன், அங்கேதான் இடி. முன்பலகையில் ரீசெட்டுக்கென்று, அதாவது சுற்றை முதல் சுரத்திலிருந்து தொடங்க வைப்பதற்கென்று, தனித்துளை இல்லை. பூட்டிய சுற்று எந்த எண்ணிக்கையில் பூட்டிற்றோ அங்கிருந்துதான் ஓடும், டிரம் சமத்தில் ஆரம்பித்தால் மெட்டு மூன்றாவது எண்ணிக்கையில் எடுப்பு வைத்துக்கொண்டு வரும். ஒரு நல்ல அநாகத எடுப்பு தற்செயலாகக் கிடைத்த நாட்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டும்போது வேண்டிய இடத்தில் வைக்க முடியாது. கிளாக் கேபிளைப் பிடுங்கி, விரலால் எண்ணி, சரியான நேரத்தில் மறுபடி செருகுகிறேன். எட்டு மாதப் பயிற்சியில் பத்துக்கு ஏழு தடவை சரியாக விழுகிறது. என் மிருதங்க வாத்தியார் பார்த்தால் தொடையில் ஒரு போடு போடுவார்.

மெதுவான வகுத்தலுக்குத் தனியாக ஒரு டோப்ஃபர் ஏ-160 வாங்கினேன். கிளாக்கை 2, 4, 8, 16, 32, 64 என்று வகுத்து ஆறு துளையில் கொடுக்கும், வேறு எதுவும் தெரியாது, அதுவே அதன் அழகு. மார்பிள்ஸின் டி2-ஐ அதற்குள் விட்டு, எட்டாக வகுத்ததை மறுபடி எக்ஸ் கிளாக்குக்குக் கொண்டுவந்தால், தாளம் வேகமாக ஓடிக்கொண்டிருக்க மெட்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு சுரம் மட்டும் நகரும். தாளம் துள்ளும், சுரம் நிற்கும். அலாப் மாதிரி ஒரு நிதானம் கிடைக்கும். இரண்டின் மடங்குகள் மட்டும் என்பதால் திஸ்ரமோ கண்டமோ அதில் வராது, அதற்கு ரேட் குமிழுக்கே திரும்ப வேண்டும். ஒய் வெளியீடு தானாகவே பதினாறில் ஒரு பங்கு வேகத்தில் மாறுவதால் அதை ஃபில்டருக்கு விட்டுவிட்டேன், எக்ஸ் கிளாக்கில் ஏ-160 செருகாத நேரத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை குரல் மாறுவது போல இருக்கிறது. எத்தனையாவது பங்கு என்பதை மாற்றவும் முடியும், மாற்றத் தோன்றவில்லை.

பட்ஜெட் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கிட்டார் வேண்டுமென்றால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு மாடி ஏறி இறங்கினால் போதும், ஜாக், ஒயர், சால்டர் ஈயம் வேண்டுமென்றால் சிம் லிம் டவர். மாடுல் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், இல்லை என்னை மாதிரி எம்ஆர்டி வாசலில் நிற்க வேண்டும். 400 வெள்ளிக்கு மேல் போனால் இறக்குமதியில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, தபால் கூலிக்கும் சேர்த்துத்தான் கணக்கு, பார்த்துக்கொள்ளுங்கள். மாடுலோடு முடியவில்லை. அட்டெனுவேட்டர் வேண்டும், டிவைடர் வேண்டும், கேபிள் எத்தனை இருந்தாலும் ஒன்று குறையும். 460 வெள்ளி என்று வீட்டில் சொன்னேன். மொத்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியென்றால் யாருக்கு இது? ஒரு மெட்டை யோசித்து, அதையே அப்படியே சுரம் தப்பாமல் வாசிக்க வேண்டும் என்பவர்கள் கிட்ட வராதீர்கள், வரிசைக் குமிழ் வைத்த சாதாரண சீக்வென்சர் பாதி விலைக்குக் கிடைக்கும். டிரம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கும் இது வீண் செலவு. மெட்டு எங்கே போகிறது என்று கூடவே நடந்து பார்க்கும் பொறுமை இருந்தால் வாங்கலாம். அதுவும் நேராகப் போய் வாங்காதீர்கள். விசிவி ராக் என்ற மென்பொருளைக் கணினியில் இலவசமாகப் போட்டுக்கொண்டு, ஆடிபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொகுப்பில் ரேண்டம் சாம்ப்ளர் என்பதை எடுங்கள். இதே நிரல், இதே குமிழ்கள். இரண்டு வாரம் அதில் வாசியுங்கள், தேஜா வூவைப் பதினோரு மணியில் நிறுத்திக் கேட்டுக்கொண்டு சோறு தண்ணி மறந்தால் அப்புறம் பேசலாம்.

இரண்டாம் கையில் வாங்கும்போது, விற்பவரிடம் மின்சாரம் தரும் பெட்டியோடு கொண்டுவரச் சொல்லுங்கள், மின்சாரம் இல்லாமல் காட்டினால் வாங்காதீர்கள். எல்லாக் குமிழையும் கோடிக்குக் கோடி திருப்பி, நடுவில் எங்கேயாவது கரகரக்கிறதா, விளக்கு தவறான நேரத்தில் மின்னுகிறதா என்று பாருங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் ஒரு வருடம் கிடந்தால் குமிழ் பேசத் தொடங்கிவிடும். எக்ஸ்1-ஐ ஒரு ஆசிலேட்டருக்குக் கொடுத்து 0 முதல் 2 வோல்ட் வீச்சில் ஒரு ஸ்தாயிச் சுரம் சுத்தமாகச் சேர்கிறதா என்று காதால் கேளுங்கள். பின்பக்க ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து செருகும்போது இரண்டு தடவை பாருங்கள், அவசரத்தில் தலைகீழாகச் செருகி வேறொரு மாடுலைப் புகையவிட்டவன் சொல்கிறேன். இவ்வளவும் சரியாக இருந்தால் பணத்தை எடுங்கள்.